தினம் ஒரு பயிற்சி, கூடவே ஒரு சின்னத் துணிச்சல்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பாதியில் கைவிடப்பட்ட நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் பக்கத்தில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தேதிக்குக் கீழே அடிக்கோடுகூட இருக்கும். நான்காம் பக்கத்தில் எழுத்து கோணலாகும். ஐந்தாம் பக்கம் வெற்றுப் பக்கம். "எல்லாம் ஆரம்ப சூரத்தனம்" என்று வீட்டில் சொல்வார்கள், நாமும் தலையாட்டுவோம். சோம்பல், மன உறுதி போதாது, நமக்கெல்லாம் இது சரிப்படாது என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதி முடித்துவிடுவோம்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பேன். நான்காம் நாள் நடந்தது வேறு. எழுதியதைத் திரும்பப் படித்திருப்போம். மனத்தில் இருந்ததற்கும் தாளில் விழுந்ததற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மறுநாள் நோட்டைத் திறந்தால் அந்த வரிகளை மறுபடி பார்த்தாக வேண்டும். அப்போதுதான் அலமாரியை ஒழுங்குபடுத்தும் வேலை திடீரென்று அவசரமாகிறது. வெளியே சோம்பலாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது பயம். நம் குறையை நாமே பார்க்க நேரும் என்ற பயம், பிறர் பார்த்துவிடுவார்கள் என்ற பயம்.

அதனால்தான் தினப் பயிற்சியைத் தனியாகவும் தைரியத்தைத் தனியாகவும் வளர்க்க முடிவதில்லை. "முதலில் தைரியம் வரட்டும், பிறகு செய்கிறேன்" என்பவருக்குத் தைரியம் வருவதே இல்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், தானே செய்து முடித்த அனுபவம்தான் அதற்கு மிக வலுவான ஊற்று. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகளின் பலம் அதைவிடக் குறைவு. ஆக, செய்கையே முதல். பயந்துகொண்டே செய்யலாம், ஆனால் அந்தப் பயம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும்படி வேலையை வெட்டிச் சிறிதாக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இனி.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரையே கடைசிவரை வைத்துக்கொள்வோம். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவர். அலுவலகக் கூட்டங்களில் சொல்ல நல்ல கருத்து இருந்தும் சொல்லாமலே எழுந்து வந்துவிடுகிறவர். உங்கள் விஷயம் ஓவியமாகவோ, நீச்சலாகவோ, புதிய மொழியாகவோ இருக்கலாம். முறை ஒன்றுதான்.

ஒன்றே ஒன்றை எடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர் பெரும்பாலும் அரை டஜன் தீர்மானங்களோடு வருவார்: விடியலில் எழுவது, உடற்பயிற்சி, வாசிப்பு, தியானம், நாட்குறிப்பு, போதாக்குறைக்கு ஒரு புதிய மொழி. இவற்றில் ஒன்று தவறும் நாளில் மற்றவையும் சேர்ந்து சரியும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்று சரியானதுதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. "இன்று செய்தேனா?" என்ற கேள்விக்கு இரவில் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். "தன்னம்பிக்கையை வளர்ப்பது" இந்தச் சோதனையில் தேறாது. "நேர்மறையாக இருப்பது" தேறவே தேறாது. "ஒரு பத்தியை உரக்கப் படித்து அலைபேசியில் பதிவு செய்வது" தேறிவிடும். நம் தயக்கக்காரருக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

இடையில் ஒன்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் முன்னேற்றம் என்ற பிரசாரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவில் மூளை கூர்மையாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தைத் திருடிக் கட்டிய பழக்கம் பிறகு தூக்கத்திடமே தோற்றுப்போகும்.

அளவைக் குறையுங்கள், இன்னும் குறையுங்கள்

நல்ல நாளில் எவ்வளவு செய்ய முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். உடம்பு சரியில்லாத நாள், வேலை முடிந்து திரும்பவே இரவாகிவிட்ட நாள், யாரோடோ சண்டை போட்ட நாள் ஆகியவற்றில் எவ்வளவு முடியும் என்று பாருங்கள். அதுதான் உங்கள் குறைந்தபட்ச அளவு. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு அது சிறியதாக இருந்தால் நல்லது. ஒரு பத்தி. இரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

எல்லோரும் குறைந்தபட்சத்தைச் சொல்வார்கள். முதல் சில வாரங்களுக்கு மேல்வரம்பும் வேண்டும் என்று நான் சொல்கிறேன். உற்சாகம் பொங்கும் நாளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால், மறுநாளின் இரண்டு நிமிடம் தோல்வியைப் போலத் தெரியும். அதோடு உடம்பும் மனமும் "மறுபடி இரண்டு மணி நேரமா?" என்று பின்வாங்கத் தொடங்கும். பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்ற ஆசை மிச்சம் இருக்கும்போதே எழுந்துவிடுவது மறுநாளுக்கு நல்லது.

எப்போது, எங்கே என்று எழுதிவிடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது" என்று ஒரு நேரம் கடிகாரத்தில் இல்லை. இதில் மனத்தில் பதியவைத்துக்கொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று 2002இல் பிரிட்டனில் வெளியானது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்குச் சிறப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர்களில் 38 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிட உடற்பயிற்சி செய்தார்கள். இன்னொரு குழுவினருக்கு உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று ஊக்கமூட்டும் குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார்கள். செய்தவர்கள் 35 சதவீதம். மூன்றாம் குழுவினர் அதே குறிப்புகளைப் படித்ததோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறோம் என்றும் எழுதினார்கள். செய்தவர்கள் 91 சதவீதம்.

ஊக்கப் பேச்சு மட்டும் கேட்டவர்கள் எதுவும் கேட்காதவர்களைவிட ஒரு படி கூட மேலே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். தினமும் காலையில் ஊக்கக் காணொளிகளைப் பார்ப்பதையே பயிற்சியாக வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும், சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

இந்த முறையை வகுத்தவர் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர். "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்பதே அதன் வடிவம். "இரவு பல் துலக்கி முடித்ததும், அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பத்தியை உரக்கப் படிப்பேன்." ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் வாலில் புதியதைக் கட்டுங்கள். கடிகார நேரத்தைவிட அது நிலையானது. பயணத்தில் இருந்தாலும் பல் துலக்குவீர்கள் அல்லவா? படிக்க வேண்டிய பக்கத்தில் முன்கூட்டியே அடையாளம் வைத்துவிடுங்கள். எதைப் படிப்பது என்று தேடத் தொடங்கினால் அந்த இரண்டு நிமிடமும் தேடலிலேயே போய்விடும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். வாய் மாறி வாய் மாறி அதிலிருந்த "குறைந்தது" எங்கோ உதிர்ந்துபோயிற்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய எண்ணிக்கை, கிடைத்த தரவிலிருந்து கணித்தது). தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமானது. 22ஆம் நாளும் பழக்கம் படியவில்லை என்றால் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

மோசமாகச் செய்யப் பழகுங்கள்

வழிகாட்டிகள் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடம் இது. பலர் விட்டுவிட்டுப் போவதும் இங்கேதான்.

நம் தயக்கக்காரர் முதல் நாள் பத்தியைப் படித்துப் பதிவு செய்கிறார். போட்டுக் கேட்கிறார். மூன்றாவது வினாடியில் முகம் சுளிக்கிறார். குரல் மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல், யாரோ ஒரு பையன் பேசுவதுபோல் இருக்கிறது. "இந்தக் குரலை வைத்துக்கொண்டா கூட்டத்தில் பேசுவது?" என்று அணைத்துவிடுகிறார். பெரும்பாலோருக்கு இது நேர்கிறது. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமின்றி, மண்டையோட்டு எலும்பின் அதிர்வாகவும் நம் உட்செவியை எட்டுகிறது. அந்த அதிர்வு குரலுக்குக் கீழ்சுருதியின் கனத்தைச் சேர்த்துத் தருகிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை. ஆனால் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுவருவது பதிவில் இருக்கும் குரலைத்தான். அவர்கள் யாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடவில்லை.

இந்தக் கட்டத்தைக் கடக்க ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். செய்யும் நாளையும் தீர்ப்புச் சொல்லும் நாளையும் பிரித்துவிடுங்கள். திங்கள் முதல் சனி வரை பதிவு மட்டும். போட்டுக் கேட்கக் கூடாது. எழுதுகிறவர் எழுதியதைத் திரும்பிப் படிக்க வேண்டாம். வரைகிறவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிடட்டும். ஞாயிறன்று ஒரு முறை கேளுங்கள். கேட்டபின் ஒரே ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். "வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறது" என்பது குறை. "நன்றாக இல்லை" என்பது குறை அல்ல. அதை வைத்துக்கொண்டு ஒன்றையும் திருத்த முடியாது. அடுத்த வாரம் முழுதும் அந்தக் கடைசிச் சொல் மட்டுமே உங்கள் வேலை. மற்ற குறைகள் கண்ணில் படும். படட்டும், அவற்றுக்கும் வாரம் வரும்.

சித்திரமும் கைப்பழக்கம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் கை வெறுமனே அசைந்துகொண்டிருந்தால் போதாது. வயலின் கலைஞர்களை ஆராய்ந்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, குறையைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சிக்குத்தான் முக்கியத்துவம் தந்தது. பல வருடம் தினமும் வண்டி ஓட்டியும் பின்னால் எடுக்கத் தடுமாறுகிறவர்கள் இருப்பது இதனால்தான்.

பயத்துக்கு ஓர் ஏணி கட்டுங்கள்

தனியறையில் செய்யும் பயிற்சி ஒரு கட்டத்தில் வெளியே வந்தாக வேண்டும். அங்கே எடுத்தேன் கவிழ்த்தேன் என்று குதிக்கக் கூடாது.

1924இல் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு குழந்தையின் பயத்தைப் போக்கியதை அறிக்கையாக வெளியிட்டார். பீட்டர் என்று அதில் குறிப்பிடப்படும் அந்தச் சிறுவனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். கூண்டில் அடைத்த முயலை அறையின் ஏதோ ஒரு மூலையில் வைப்பதில் தொடங்கினார்கள். பிறகு 12 அடி தூரம், 4 அடி, 3 அடி, பக்கத்தில். அதன்பின் கூண்டைத் திறந்து முயலை அறைக்குள் விட்டார்கள். அவனுக்குப் பிடித்த உணவு கையில் இருக்கும் வேளையில் முயல் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும். முடிவில் அது தன் விரலைக் கொறிப்பதைக்கூடப் பையன் அனுமதித்தான். "முயல் ஒன்றும் செய்யாதப்பா" என்று எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது. பிற்காலத்தில் பயத்துக்கான சிகிச்சையில் படிப்படியாக நெருங்கும் முறை வேரூன்றியதற்கு அந்த 12 அடி ஒரு தொடக்கம்.

உங்கள் ஏணியை ஒரே தாளில் எழுதிவிடலாம். நீங்கள் தவிர்த்துவரும் சூழல்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண் போடுங்கள். நம் தயக்கக்காரரின் தாள் இப்படி இருக்கலாம்:

- நம்பிக்கையான ஒரு நண்பருக்குப் பதிவை அனுப்புவது: 20
- கூட்டம் தொடங்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் தானாகப் பேச்சுக் கொடுப்பது: 30
- முன்பே எழுதிவைத்த ஒரு கேள்வியைக் கூட்டத்தில் கேட்பது: 45
- ஒருவர் சொன்னதை ஆமோதித்து, தன் பங்காக ஒரு வாக்கியம் சேர்ப்பது: 55
- மரியாதையோடு மாற்றுக் கருத்துச் சொல்வது: 75
- எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசுவது: 90

30க்கு அருகில் உள்ள படியில் தொடங்குங்கள். 10 என்றால் அதில் கற்க ஒன்றும் இல்லை. 90இல் தொடங்கினால் திகில்தான் மிஞ்சும். ஒரு படியை ஒரு முறை ஏறிவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். அதே படியில் திரும்பத் திரும்ப நின்று, போட்ட மதிப்பெண் பாதியாகக் குறைந்ததும் ஏறுங்கள். இரண்டு படிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகத் தெரிந்தால் ஒரு படியைச் செருகுங்கள்; 55க்கும் 75க்கும் நடுவில் "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, விளக்க முடியுமா?" என்று கேட்பதை வைக்கலாம்.

ஒரே ஒரு கண்டிப்பு: பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வராதீர்கள். ஓடியதும் கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த முறையும் ஓடச் சொல்கிறது. "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மனம் பாடம் படித்துவிடுகிறது. படபடப்பு கொஞ்சம் தணியும்வரை அங்கேயே இருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டங்களும் உண்டு: கதவோரமாகவே உட்காருவது, பேசும்போது அலைபேசியைப் பார்ப்பது, மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவது. இவற்றை ஒவ்வொன்றாக விட்டுவிடுவதும் ஏணியில் ஒரு படிதான்.

அந்த நிமிடத்தில்

கேள்வி கேட்க வாய் எடுக்கும் தருணத்தில் நாக்கு உலரும், வயிற்றைப் பிசையும், உள்ளங்கை வியர்க்கும். பதற்றத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலின் தன் வேலையைச் செய்கிறது. "அமைதி, அமைதி" என்று அதை அடக்கப் பார்ப்பது வீண் முயற்சி. ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பேசத் தொடங்கும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். இதயம் வேகமாக அடிப்பது இரண்டுக்கும் பொதுதானே. அதை உற்சாகம் என்று எடுத்துக்கொள்வது, இல்லாத அமைதியை வரவழைப்பதைவிட எளிது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மூச்சுகள் போதும்.

கை நடுங்குமா? ஒற்றைத் தாளில் குறிப்பு எழுதாதீர்கள். தாள் நடுக்கத்தைப் பத்து மடங்காக்கிக் காட்டும். கெட்டியான அட்டையில் எழுதுங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அது வெளியே வந்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

நினைத்ததும் நடந்ததும்

ஏணியில் ஏறும் ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதுங்கள். போகும் முன் ஒன்று: என்ன விபரீதம் நடக்கும் என்று பயப்படுகிறேன்? வந்தபின் ஒன்று: உண்மையில் என்ன நடந்தது? முன்வரி தெளிவாக இருக்க வேண்டும். "அசிங்கமாகிவிடும்" என்பது போதாது. "கேள்வி கேட்டதும் யாராவது சிரிப்பார்கள், மேலாளர் இதுகூடத் தெரியாதா என்று கேட்பார்" என்று எழுதுங்கள். மாலையில்: "யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் பதில் சொன்னார். ஒருவர் அலைபேசியில் மூழ்கியிருந்தார்."

மிஷெல் கிராஸ்க் போன்ற பயச் சிகிச்சை ஆய்வாளர்கள் இப்போது இதற்கு மிகுந்த எடை கொடுக்கிறார்கள். எதிர்பார்த்ததும் நடந்ததும் முட்டிக்கொள்ளும்போதுதான் மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது. எழுதிவைக்காவிட்டால் அந்த முட்டல் மறந்துபோய், பழைய கணிப்பு அடுத்த வாரம் புத்தம் புதிதாக வந்து நிற்கும்.

பிறர் நம்மைக் கவனிக்கும் அளவைப் பற்றிய நம் கணக்கு எவ்வளவு ஊதிப்போனது என்பதற்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை நல்ல சான்று. 2000இல் வெளியான அந்த ஆய்வில், மாணவர்களைக் கூச்சப்பட வைக்கும் ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-சர்ட்டை அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான்.

அதற்காக நினைத்தது ஒருபோதும் நடக்காது என்று சொல்லவில்லை. சில நாள் உண்மையிலேயே யாராவது சிரிப்பார்கள். அன்றும் நடந்ததை அப்படியே எழுதுங்கள். கூடவே, அதன்பின் ஒரு மணி நேரம் கழித்து என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில் எழுத ஒன்றும் இருக்காது.

தவறிய நாள்

தவறும். லாலியின் ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. கெடுப்பது அதன்பின் நாம் செய்யும் ஆர்ப்பாட்டம்தான். விட்டதற்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்வது தண்டனை. தண்டனை விதிக்கும் இடத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. மறுநாள் குறைந்தபட்ச அளவு மட்டும் செய்யுங்கள், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய 2010 ஆய்வு ஒன்றில், தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது. திட்டிக்கொள்வதால் பொறுப்பு வரும் என்று நம்புகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

ஏணியிலும் சறுக்கல் உண்டு. முயலுக்குப் பயந்த சிறுவன் பீட்டரின் கதையில் அந்தப் பகுதியைப் பலர் சொல்வதில்லை. நடுவில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு மாதம் சிகிச்சை இடைநின்றது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வேளையில் ஒரு பெரிய நாய் மேலே பாய்ந்து அவனை மிரட்டிவிட்டது. முயல் பயம் பழைய இடத்துக்கே போயிற்று. ஜோன்ஸ் முயலை மறுபடி தூரத்திலிருந்து கொண்டுவந்தார். நீங்களும் இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள்.

யாரிடம் சொல்வது

ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம்; ஒருவரிடம் சொன்னால் போதும். பாராட்டிக்கொண்டே இருப்பவரும் வேண்டாம், குறை தேடிப் பிடிப்பவரும் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்ற பதில்தான் வரும். "எந்த இடத்தில் உங்கள் கவனம் சிதறியது?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் ஒரு வாரத்துக்கான வேலை இருக்கும்.

எப்போது ஏற்றுவது, எப்போது விடுவது

பயிற்சி செய்யாமல் படுத்தால் ஏதோ விட்டுப்போனதுபோல் உறுத்துகிறது என்றால் அளவைக் கூட்டலாம். நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது கடினத்தைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

எல்லாப் பயத்துக்கும் ஏணி போடக் கூடாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சத்தான் வேண்டும். கை நீட்டி அடிக்கிறவரிடம் எதிர்த்துப் பேசுவதைத் துணிச்சல் பயிற்சியாக வைத்துக்கொள்வது ஆபத்து. அங்கே வேண்டியது பாதுகாப்பான இடமும் உதவிக்கு ஆளும். நீச்சல் தெரியாதவர் தண்ணீருக்குப் பயப்படுவது சரியான பயம்தான்; அவருக்கு முதலில் பயிற்சியாளர் தேவை. திடீரென்று மூச்சு முட்டிச் செத்துவிடுவோமோ என்ற பீதி திரும்பத் திரும்ப வந்தால், பழைய கொடுமை ஒன்று கண்முன் வந்து நின்றுகொண்டே இருந்தால், பயத்தால் வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாமல் போனால், தனியாக ஏணி கட்டிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். அவர்கள் பயன்படுத்துவதும் பெரும்பாலும் இதே படிகள்தான். இதில் அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பது பெரிய வித்தியாசம்.

சில பயிற்சிகளை விட்டுவிடுவதும் சரிதான். மூன்று மாதம் செய்தபின் இது நமக்கானதல்ல என்று தெரியவரலாம். அந்த முடிவைச் சொதப்பிய நாளின் இரவில் எடுக்காதீர்கள். அன்று பேசுவது பயம். நன்றாக வந்த ஒரு நாளைப் பார்த்துக் கேளுங்கள்: "இது நன்றாக வருகிறது, இருந்தும் எனக்கு வேண்டாமா?" அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் நிறுத்திவிட்டு, பல் துலக்கியபின் கிடைக்கும் அந்த இரண்டு நிமிடத்தை வேறொன்றுக்குக் கொடுங்கள்.